மைனஸ் ஒன்று லிட்டர்

கிழக்குத் தாம்பரம்
9.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறேனே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் அம்மா பிடித்துக்கொள்கிறாள். மீன் விலையும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சொல்லி முடிப்பதற்குள் உன் போன் அட்டை தீர்ந்துவிடுகிறது. எனக்குக் கிடைப்பது "நல்லா கீறியா பாப்பா?" மட்டும்தான். அதற்கும் "ம்" என்கிறேன். நேரில் பேச வராதவளுக்குப் போனில் மட்டும் வந்துவிடுமா? அதனால்தான் எழுதுகிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? படகில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

வேலையில் சேர்ந்துவிட்டேன். மேடவாக்கத்தில் டயர் கடைக்கு மேல் மாடி. கேம்ப் ரோடு பக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குப்பத்துக்குப் போகிறேன்.

இந்த வருஷம் இங்கே மழையே இல்லை. மேடவாக்கம், கோவிலம்பாக்கம் எல்லாம் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்கிறது. லாரிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் இடத்தில் வைக்க எங்கள் கம்பெனி ஓர் இரும்புப் பெட்டி செய்கிறது. உள்ளே சின்னக் கம்ப்யூட்டர். லாரி வந்ததும் அது வால்வைத் திறக்க வேண்டும், அளவு வந்ததும் மூட வேண்டும். திறந்து மூடும் பகுதி சி என்ற மொழியில் இருக்கிறது. இயந்திரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் மொழி. வேகம் அதிகம், ஆனால் அதில் எதையாவது மாற்றுவது பெரிய வேலை. எந்த லாரிக்கு எத்தனை லிட்டர் என்பது தினமும் மாறுகிறது. அதனால் அந்தக் கணக்கை மட்டும் பைத்தான் என்ற இன்னொரு மொழியில் வைத்திருக்கிறார்கள். அதைச் சட்டென்று மாற்றிவிடலாம். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. சி போய்ப் பைத்தானைக் கூப்பிட்டு, "இந்த லாரிக்கு எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை வாங்கி வரவேண்டும். அந்தக் கூப்பிடும் பகுதியை எழுதுவது என் வேலை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டறாளாம். மாட்டுக்குக் காட்டி இருந்தா பாலாவது கறந்துருக்கலாம்."

ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று சொல்வார்களாம். "உனக்குப் பர்மனென்ட் ஆன அன்னிக்கு நான் டிக்கெட் போட்டுடுவேன்" என்று நீ சொன்னதை அம்மா குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
சரிதா


பஹ்ரைன்
2.7.2003

சரிதாவுக்கு அண்ணன் பரணி எழுதறது.

இங்க நான் நல்லா கீறேன். முதுகு அப்டியேதான் கீது, அது எங்க போவும். அம்மாவுக்கு கால் வீக்கம் இறங்குச்சா?

இன்னாடி அது மன்னிப்பு கின்னிப்புன்னு. நீ மூணு பக்கம் பேசி இப்பத்தான் பாக்கறேன். லெட்டர யேசுதாசன் கிட்ட காட்டினேன். அவனும் எங்க போட்டுதான், கன்னியாகுமரி பக்கத்து ஆளு. சர்ச்சுக்கு நோட்டீஸ் எல்லாம் எழுதுவானாம், அச்சடிச்ச மாதிரி கையெழுத்து. நான் எழுதறத பாத்துட்டு, "இது எழுத்தாடே, இல்ல நண்டு ஓடுன தடமா?"ன்றான். நண்டுதான்டா, என் தங்கச்சிக்கு நண்டு பாஷ தெரியும், உனக்கு இன்னா பேஜாருன்னேன்.

நீ சொன்ன சி பைத்தான் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. எங்க போட்டுல விஞ்சுன்னு கீது, கயிறு இழுக்கற மிஷினு. மிஷினாண்ட ஒருத்தன் நிப்பான், வலையாண்ட நான் நிப்பேன். அவன் "இழுக்கட்டா?"ன்னு கத்துவான். நான் "இழு"ன்னா இழுப்பான். எஞ்சின் சத்தத்துல என் குரல் கேக்கலன்னா கைய வெக்க மாட்டான், இன்னொரு வாட்டி கத்துவான். ஏன்னா என் கை அப்ப கயித்துக்குள்ள கூட இருக்கும். உன் சி-க்கும் இத சொல்லிக் குடு. பதில் வராம இழுக்கக் கூடாது.

பயப்படாத. பர்மனென்ட் ஆவும்.

இப்படிக்கு
நண்டு


கிழக்குத் தாம்பரம்
28.7.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரே ஒரு சொல்தான் புரியவில்லை, அதை அம்மா படித்துச் சொன்னாள்! படிக்கத் தெரியாதவள் படித்தாள் என்றால் பார்த்துக்கொள். அது "பேஜாரு". நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன், "அவன் வேற இன்னா எழுதுவான்" என்றாள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கூடை தூக்காதே என்றால் கேட்பதில்லை.

அண்ணா, அது பேசிவிட்டது. சி கூப்பிட்டது, பைத்தான் பதில் சொன்னது. நீ நினைப்பதுபோல் நேராகக் கத்திக் கூப்பிட முடியாது. முதலில் பைத்தானை எழுப்ப வேண்டும். பிறகு நமக்கு வேண்டிய கணக்குத் துண்டை, அதற்கு ஃபங்ஷன் என்று பெயர், பெயர் சொல்லித் தேட வேண்டும். சி வைத்திருக்கும் லாரி நம்பரை அது அப்படியே வாங்கிக்கொள்ளாது, அதற்குப் புரியும்படி பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். பதிலும் பொட்டலமாகத்தான் வரும், பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை பிரித்தபோது "9000" என்று வந்தது. ஒன்பதாயிரம் லிட்டர். நான் என்னை அறியாமல் கையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்ரீநிவாசன் சார்தான் எங்களுக்கு மேலே. "வெரி குட்மா, வாயத் திறந்தா இன்னும் குட்" என்றார். பக்கத்து மேஜை கிறிஸ்டி சிரித்தாள். ரசீது அச்சடிக்கும் பகுதி அவளுடையது. அதுவும் பைத்தான்தான். அவள் அப்பா டீச்சர், அம்மா டீச்சர். மதியம் சாப்பிடும்போது, "உங்க அண்ணன் என்ன பண்றார்?" என்று கேட்டாள். "கல்ஃப்ல, மரைன் லைன்" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லையே?

நீ சொன்னதையும் செய்துவிட்டேன். பைத்தான் பக்கம் ஏதாவது தவறு நடந்தால் பொட்டலம் வராது, வெறுங்கையைத்தான் நீட்டும். என்ன தவறு என்று தானாகச் சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும். வெறுங்கை என்றால் வால்வைத் திறக்காதே, நின்று கேள் என்று நான்கு வரி எழுதியிருக்கிறேன். அந்த நான்கு வரி உன்னுடையது.

தண்ணீர் நிறையக் குடி.

சரிதா


பஹ்ரைன்
30.8.2003

சரிதாவுக்கு மரைன் லைன் எழுதறது.

இங்க எல்லாரும் இப்ப என்ன அப்டிதான் கூப்படறானுங்க. "ஏ மரைன் லைன், அந்த ஐஸ் பெட்டிய நவுத்து." எல்லாம் உன்னாலதான். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, முதுகு கூட இந்த மாசம் சும்மா கீது. உனக்கு ஆஸ்டல் சோறு ஒத்துக்குதா?

நாலு வரி என்னுதுன்னு சொன்னத யேசுதாசன் கிட்ட படிச்சுக் காட்டினேன். எட்டாவது ஃபெயிலு கம்ப்யூட்டருக்கு எழுதிகினு கீறான்னு அவன் போட்டு ஃபுல்லா சொல்லிட்டான்.

டிசம்பர்ல உனக்கு ஆறு மாசம் முடியுது. பொங்கலுக்கு நான் அங்க இருப்பேன். திரும்ப வர மாட்டேன், கடலுக்கும் போவ மாட்டேன். நீ மாசச் சம்பளம் வாங்கினா அம்மா கூடைய எறக்கிடலாம். நான் கரையிலயே வலை பின்னி, கிழிஞ்சத தெச்சுக் குடுப்பேன். எங்கிட்ட தெச்ச வலை மறுபடி அந்த எடத்துல கிழிஞ்சதில்ல, யாரை வேணா கேளு. இந்த கைக்கு அது போதும்.

ஆஸ்டல்ல வார்டன் திட்டினா கூட "ம்"னு சொல்லாத, திருப்பி ஒரு வார்த்த பேசு.

பரணி


கிழக்குத் தாம்பரம்
22.9.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டது. சாம்பாரில் தண்ணீர் இருப்பதுகூட இந்த வருஷத்துக்குப் பெரிய விஷயம். அம்மா நன்றாக இருக்கிறாள். உனக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்த்துவிட்டாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கோவிலம்பாக்கத்தில் எங்கள் முதல் பெட்டியை வைத்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் தினமும் எங்கிருந்தோ புதிய லாரிகள் வருகின்றன. அவற்றின் நம்பர் பைத்தான் கணக்கில் இருக்காது. கேட்டால் பதில் வராது. உன் நான்கு வரி வால்வைத் திறக்க விடாது. ஆபரேட்டர் நம்பரைப் பதிந்தால் திறக்கும். அவர் பதிவதற்குள் பின்னால் வரிசை நின்று, டிரைவர்கள் ஹாரன் அடித்து, "இன்னாய்யா இது, பெட்டியா பொணமா? அத்த ஒரு உதை விட்டுத் தொற!" என்று கத்துகிறார்கள். அந்த இடத்தின் சொந்தக்காரர் போன் செய்து சாரைத் திட்டியிருக்கிறார்.

சார் சனிக்கிழமை என் மேஜைக்கு வந்தார்.

"அந்த நாலு வரி செக்க எடுத்துடும்மா. வண்டி நிக்குதாம்."

"சார், பதில் வரலைன்னா..."

"வரும்மா. புது வண்டி எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்திடச் சொல்லிட்டேன். எடுத்துட்டுப் புதுசு போட்டு அனுப்பு."

எடுத்துவிட்டேன். எடுத்தால் என்ன ஆகும் என்று என் வாயில் இருந்தது. அவர் திரும்பிப் போகும்வரை வாயிலேயே இருந்தது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உடனே எழுது.

சரிதா


பஹ்ரைன்
3.11.2003

அன்புத் தங்கை சரிதாவுக்கு,

இங்கு நான் நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். என் கையெழுத்தை எல்லோரும் கேலி செய்வதால் இனி யேசுதாசனை எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். உனக்கும் படிக்க எளிதாக இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: அந்த வரிகளை எடுத்திருக்கக் கூடாது. உன் சாரிடம் சொல். இங்கே பக்கத்துப் படகில் போன மாதம் ஒரு விபத்து. விஞ்சில் நின்றவன் புதியவன், வங்காளி. இழுக்கட்டுமா என்று கேட்டானாம். காற்றில் பதில் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டு இழுத்துவிட்டான். வலையருகே நின்றவனின் கை கயிற்றோடு போய்விட்டது. அவனும் நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். விஞ்சில் நின்ற பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவன் மேல் கோபம் இல்லை என்று இவன் ஆள் அனுப்பிச் சொன்னான்.

பொங்கலுக்கு வர இயலாது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். சுண்ணாம்பு இப்போது அடிக்க வேண்டாம்.

அன்புடன்
பரணி


கிழக்குத் தாம்பரம்
24.11.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆபீசில் எல்லாம் சரியாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கரையில் நல்ல மீன்பாடு. பதினோரு மணி வரை ஏலம் நடந்தது. சங்கராவும் காரப்பொடி மீனும் குவிந்து கிடந்தன. அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

சுண்ணாம்பு ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. நீ வரவில்லை என்று இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துப் படகுக்காரரைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் பெயர் என்ன? எந்தக் கை? சாப்பிடுவதற்கு யாராவது உதவுகிறார்களா? அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? அவர் வீட்டில் யாரிடமாவது சொன்னாரா?

யேசுதாசன் அண்ணனின் கையெழுத்து அழகாக இருக்கிறது. அவருக்கு என் வணக்கம்.

சரிதா


பஹ்ரைன்
5.1.2004

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது.

அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. வலது கை என்று சொன்னார்கள். ஸ்பூனில் சாப்பிடப் பழகிவிட்டானாம். அவனுக்கு இப்போது கடலில் வேலை இல்லை. கரையில் மீன் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறான். ஒப்பந்தம் முடியும்வரை பாஸ்போர்ட்டை முதலாளி தர மாட்டார். வீட்டில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவனைப் பற்றி நீ கவலைப்படாதே.

எனக்கும் இன்னும் ஒன்றரை வருடம் இருக்கும்படி ஆகிவிட்டது. நல்ல முதலாளிதான்.

ஆறு மாதம் முடிந்ததே, நிரந்தரம் ஆகிவிட்டதா? போனில் கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாள். இங்கே எல்லோரிடமும் ஆகிவிட்டது என்றே சொல்லிவிட்டேன்.

அன்புடன்
பரணி


கோவளம் பக்கம், குப்பம்
8.2.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்குக் கால் மறுபடி வீங்கிவிட்டது. மற்றபடி உயிரோடு இருக்கிறோம். உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

எனக்கு வேலை போய்விட்டது. நவம்பரிலேயே. போன கடிதத்தின் மேலே கிழக்குத் தாம்பரம் என்று போட்டேனே தவிர, வீட்டிலிருந்துதான் எழுதினேன். உன்னிடம் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளைத் திட்டாதே.

நடந்தது இதுதான். கணக்கில் இல்லாத லாரி ஒன்று கோவிலம்பாக்கத்துக்கு வந்தது. சி கேட்டது. பைத்தான் வெறுங்கையை நீட்டியது. உன் நான்கு வரி அங்கே இல்லை. வெறுங்கை என்று தெரியாமல் சி அதைப் பொட்டலம் மாதிரிப் பிரித்தது. அப்படிப் பிரித்தால் மைனஸ் ஒன்று வரும். அது தவறு நடந்ததற்கு அடையாளம். ஆனால் அதுவும் ஓர் எண்தானே, பார்ப்பதற்குப் பதில் மாதிரியே இருக்கும். மைனஸ் ஒன்று லிட்டர் வரும்போது மூடலாம் என்று பெட்டி வால்வைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. அந்த அளவு எப்போதும் வராது. ஆபரேட்டர் டீக்கடையில் இருந்தார்.

எங்களை வேனில் அழைத்துப் போனார்கள். லாரி வழிந்து, தெரு முழுக்கத் தண்ணீர். மாதக்கணக்கில் தண்ணீர் பார்க்காத தெரு அண்ணா. குடம், பக்கெட், குழந்தையின் தொட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா என் தோளைத் தட்டினாள். "இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? எவன் புண்ணியமோ, குடத்த எட்த்தாந்து வையி!" கிணறு வற்றி மோட்டார் எரிந்து புகை வரும்போதுதான் நின்றது.

தவறு எங்கே என்று அவர்களுக்கு உடனே தெரியவில்லை. கேட்காமல் விட்ட தவறு உள்ளேயே தங்கியிருந்து, கொஞ்ச நேரம் கழித்து ரசீது அடிக்கும் இடத்தில் வெளியே வந்தது. அதனால் முதலில் கிறிஸ்டிக்குத்தான் திட்டு விழுந்தது. அவள் அழுதாள். நான் எழுந்து, "அது என் பகுதியிலிருந்து வந்தது" என்று சொன்னேன். நானாக வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்ரீநிவாசன் சார் கம்பெனி முதலாளிக்கு முன்னால் கேட்டார், "கால் பண்றது உன் பார்ட் தானே சரிதா? செக் இல்லையே?"

"இல்ல சார்."

எடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்ற அடுத்த வரி வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டிக்கு எல்லாம் தெரியும். அவளும் மேஜையைத்தான் பார்த்தாள்.

பிறகு ஏழெட்டு இடங்களுக்குப் போனேன். ஐந்து மாதத்தில் ஏன் நின்றீர்கள் என்று கேட்கிறார்கள். இப்போது அம்மாவின் கூடையை நான் தூக்குகிறேன். மேடவாக்கம் பக்கம் போவதில்லை, தாம்பரம் வரை பஸ்ஸில் போய்விடுகிறேன். போன வாரம் கேம்ப் ரோட்டில் ஹாஸ்டல் வார்டன் என்னிடம் சங்கரா மீன் வாங்கினார். செவுளைத் திறந்து பார்த்தார், பேரம் பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

நிரந்தரம் ஆகாது அண்ணா. உனக்கு டிக்கெட் போட என்னிடம் எதுவும் இல்லை. உன் பாஸ்போர்ட்டை வாங்கித்தர எனக்கு யாரையும் தெரியாது. இதையெல்லாம் படித்துவிட்டு நீ அங்கே என்ன செய்வாய் என்றும் தெரியவில்லை. இருந்தும் எழுதிவிட்டேன்.

நவம்பரிலிருந்து ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது இரண்டு தடவை அம்மாவிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். "ம்" மட்டும்தான் வந்தது. உன் இரண்டு கடிதங்களும் மிக அழகாக, ஒரு பிழை இல்லாமல் இருக்கின்றன. அம்மா அவற்றை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரோட லெட்டரு?" என்று கேட்டாள். அண்ணனுடையதுதான் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதனால் அடுத்த கடிதத்தை யேசுதாசன் அண்ணனிடம் கொடுக்காதே. வேறு எதுவும் எழுத வேண்டாம், உன் பெயரை மட்டும் எழுது. இடது கையால் எழுது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நண்டு எந்தப் பக்கம் ஓடினாலும் எனக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியும்.

சரிதா